கண்ணில்லாச் சிப்பாய்கள்

பீவியக்கா ஊட்டுக்கும் எங்க ஊட்டுக்கும் நடுவுல ஒத்தச் செவுருதான். அங்க வெங்காயம் தாளிச்சா இங்க எனக்குத் தும்மல் வரும். இங்க நான் எம் புருசன வஞ்சா அங்கிருந்தே அக்கா, "உடு மாரி, அந்த மனுசன் வெறும் வவுத்தோட நிக்கறாரு, சோத்தப் போட்டுட்டு அப்பறமா வையி"ன்னு பதில் குடுக்கும். அதனால அந்த ஊட்டுச் சங்கதிய நான் ஒருத்தரக் கேட்டுச் சொல்லல. பாதி பாத்தது, மீதி செவுத்துக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டது.

அக்காவுக்கு முழுப்பேரு ரஹமத் பீவி. அவிய ஊட்டுக்காரரு சையத் இப்ராஹிம், ஏற்காட்டுல ஏரிக்கரை ரோட்டுல பொம்மைக்கடை வெச்சிருந்தாரு. அவரு காலமானதுக்கப்பறம் மவன் சாதிக் பாஷா கடையப் பாத்துக்கறான். ஊதல், பந்து, தண்ணி பீச்சற துப்பாக்கி, அந்த மாதிரி சாமானுங்க. டூரிஸ்ட்டுக்காரங்க புள்ளைங்க அழுதா வாங்குவாங்க, அழுவலீன்னா பாத்துட்டுப் போயிருவாங்க. ஒரு சீசன்ல மழ உடாமப் புடிச்சுக்கிச்சு, கடையில ஈ ஓட்டிக்கிட்டிருந்தான். அப்ப சும்மா இருக்க மாட்டாம, சக்கரம் ஒடஞ்சு விக்காமக் கெடந்த ஒரு லாரிய எடுத்துப் பச்சப் பெயிண்ட் அடிச்சான். புண்ணுக்குக் கட்டற துணிய டீத்தண்ணியில முக்கிக் காயப்போட்டு, மேல தார்ப்பாயா ஒட்டுனான். சக்கரத்துல பசையத் தடவிக் காப்பித்தூள அப்புனான். பாத்தா மலையேறி வந்த பட்டாளத்து லாரியேதான். கடைக்கு முன்னால வெச்சான். அதப் பாத்துட்டு ஒரு வாத்தியாரு, குடியரசு தினத்துக்கு ஒரு போர்க்களமே செஞ்சு குடுப்பான்னு கேட்டாரு. அங்க ஆரம்பிச்சது.

அப்பறம் ஊடே பட்டாளமாயிருச்சு. சேலம் கடைவீதியிலருந்து மூட்டையில வரும் சிப்பாய்ங்க, வெரல் நீளத்துக்கு. அத்தன பேரும் ஒரே அச்சு, ஒரே மாதிரி துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு நிப்பானுங்க. சாதிக்கு பிளேட மெழுகுவத்தியில காட்டிக் கைய அறுப்பான், கால மடக்குவான், தலையத் திருப்பி ஒட்டுவான். நின்னவன் படுத்துக்கிட்டுச் சுடுவான், சுட்டவன் அடிபட்டுக் கெடப்பான். பீரங்கி மூக்கு, தீந்து போன பேனா ரீபில்லு. ஜீப்பு மேல நீட்டிக்கிட்டிருக்கற கம்பி வெளக்கமாத்துக் குச்சி. அவம் பொண்டாட்டி சனா மணல் மூட்டை தைப்பா, ஒவ்வொண்ணும் சுண்டுவெரல் நுனி அகலம். அந்தப் புள்ளைக்கு அப்புடி ஒரு கை. நான் எஸ்டேட்லருந்து காப்பித் தொலி அள்ளியாந்து குடுப்பேன். அதக் காயவெச்சு ஒட்டுனா செம்மண்ணுக் காடு. சில்வர் ஓக் மரத்துப் பாசிய உரிச்சு வெச்சா புல்லு.

ஆனா சாதிக்கு செஞ்ச சிப்பாய் ஒருத்தனுக்கும் கண்ணு கெடையாது. அதச் சொல்லியாவணும், எல்லாம் அதுலதான் வந்துச்சு.

அது அக்கா போட்ட சட்டம். சனாவுக்கு மொதப் புள்ள வவுத்துல தங்கல. ரெண்டாவது பொறந்து, ஒரு வாய் பாலு குடிக்கறதுக்குள்ள போயிருச்சு. அதுக்கப்பறம் அக்கா ஊட்ட அலசி எடுத்துருச்சு. உருவம் இருக்கற ஊட்டுக்குள்ள மலக்குமாருங்க வரமாட்டாங்களாம். மலக்குன்னா அல்லா அனுப்பற தூதருங்க. அவங்க வராத ஊட்டுல அல்லாவோட ரஹ்மத்து, அந்த அருளு, எங்க தங்கும்னு சொல்லிக் காலண்டர் படத்தக் கிழிச்சுது, கல்யாணப் போட்டோவத் துணி சுத்திப் பெட்டிக்கடியில போட்டுச்சு. கடைசியா மவங்கிட்ட வந்து நின்னுச்சு. "இந்தப் பொம்மைங்கள என்னடா பண்ணப் போற?"

"சோத்துக்கு என்னம்மா பண்றது?"ன்னான் அவன்.

அக்கா நெனச்சு நெனச்சுப் பாத்து ஒரு வழி சொல்லுச்சு. "கண்ணு வெக்காத. கண்ணில்லாதது உருவமில்ல, வெறும் பிளாஸ்டிக்கு." பள்ளிவாசல் அசரத்தக் கேட்டுச் சொல்லுச்சா, அதுவாச் சொல்லுச்சான்னு எனக்குத் தெரியாது. சாதிக்கும் அம்மா பேச்சத் தட்டல. உப்புத்தாள் போட்டு மூஞ்சிய வழவழன்னு தேச்சு, சதைக்கலரு அடிச்சு, தொப்பிய முன்னால இழுத்து ஒட்டிருவான். நம்மாளுக்கும் அப்புடித்தான், எதிராளிக்கும் அப்புடித்தான். இத்தன வருசமா எத்தனையோ பள்ளிக்கூடத்துல வெச்சாங்க, ஒருத்தங்கூட அதக் கண்டுக்கல.

இந்தக் கோடையில சனாவுக்கு எட்டு மாசம் முடிஞ்சு ஒம்பது நடந்துக்கிட்டிருந்துச்சு. அக்கா அவள நடக்க உடல, குனிய உடல. எங்கூட்டு மரத்துப் பலாப்பழ வாசத்துக்கு அந்தப் புள்ள நாக்குல தண்ணி ஊறிக் கெடக்கும், அதையும் தர உடல. "சூடு மாரி, வேணாம்"ங்கும். நான் முந்தானையில ரெண்டு சொளைய மறச்சுக் கொண்டுபோய்க் குடுப்பேன். தின்னுட்டுக் கொட்டைய எங்கிட்டயே குடுத்துருவா, களவாணி.

அப்பதான் மேல ஒரு ரிசார்ட்டுல புதுசா ஒரு ஹால் கட்டி, கார்கில் சண்டைய அப்புடியே செஞ்சு வெக்கணும்னு சாதிக்கக் கூப்புட்டாங்க. மொதலாளி பாலசுப்பிரமணியம் சென்னையில இருக்காரு, மேனேஜரு ராஜ்குமாருதான் எல்லாம். மழ, வெயிலு பாக்காம சாதிக்கு உழச்சான். தெர்மாகோல அடுக்கி மலை, அதுமேல சுண்ணாம்பும் பஞ்சும் போட்டுப் பனி. மலை மேல எதிராளி, கீழருந்து ஏறிப்போற நம்மாளு. லாரி, ஜீப்பு, பீரங்கின்னு ஹால் முக்காவாசி அடச்சுக்கிச்சு. கரடியூரு சின்னராஜு அவன் ஜீப்புல எல்லாத்தையும் கொண்டுபோய்ச் சேத்தான். சாதிக்கும் அவனும் பள்ளிக்கூடத்துலருந்தே ஒண்ணுமண்ணு.

தெறப்பு விழாவுக்கு மொத நாள் காலையில நான் காட்டுக்குக் கெளம்பிக்கிட்டிருந்தேன். சின்னராஜு மூச்சு வாங்க வந்து நின்னான்.

"மாரிக்கா, சாதிக்கு எங்கீங்க?"

"கடைக்குப் போனான். ஏண்டா மூஞ்சி செத்துக் கெடக்கு?"

போன நீட்டுனான். ரிசார்ட்டுல தங்க வந்த எவனோ கண்ணாடித் தடுப்பு மாட்டறதுக்கு முன்னால ஹாலுக்குள்ள பூந்து, கிட்டக்கப் போய் போட்டோ எடுத்துருக்கான். நம்ம சிப்பாய் ஒருத்தனோட மூஞ்சி, போன் முழுக்க. கண்ணு இருக்கற எடத்துல வெறும் வழவழப்பு. அதுக்குக் கீழ எழுதியிருந்தத சின்னராஜு படிச்சான்: "நம்ம வீரர்களைக் குருடாக்கி வைத்திருக்கிறான். செய்தவன் பேரைப் பாருங்கள்." சாதிக்கு பேரு, கடை இருக்கற எடம், எல்லாம் போட்டிருந்துச்சு.

"எதிராளிக்குந்தான் கண்ணில்ல! அதப் புடிச்சுப் போட வேண்டியதுதான, மாடு மேய்க்கப் போனவன்!"

"அத எவங்க்கா கேக்கறான்? ராத்திரிலருந்து சுத்திக்கிட்டிருக்கு. வாழவந்தி வரைக்கும் போயிருச்சு. எனக்கே நாலு பேரு அனுப்பிச்சுட்டான்."

அவன் சாதிக்கக் கூட்டியாரக் கடைக்கு ஓடுனான். அதுக்குள்ள அங்க கூட்டம். சாதிக்கு கதவ எறக்கிட்டு வந்துரலாம்னு ஷட்டர இழுத்துருக்கான். எவனோ மேல ஏறி மிதிச்சான், சாதிக்கோட வலது கை உள்ள மாட்டிக்கிச்சு. மிதிச்சது யாருடான்னு கேட்டா, "கூட்டம்க்கா"ங்கறான் சின்னராஜு. கூட்டத்துக்குக் காலு மொளச்சிருக்கா? அந்தக் கூட்டத்துல பாதி, சின்னதுல சாதிக்கோட அத்தாகிட்ட ஊதல் வாங்கி ஊதுனவனுங்கதான். நாசமாப் போறவனுங்க. எனக்குத் தெரியாத மூஞ்சியா?

சாதிக்கு ஊட்டுக்கு வந்தப்ப வெரலு நாலும் வீங்கிக் கருத்திருந்துச்சு. அக்கா அந்தக் கையப் புடிச்சுத் தண்ணிக்குள்ள வெச்சுக்கிட்டே ஒக்காந்திருந்துச்சு. சனா வாசப்படிய உட்டு நகரல, அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு.

"உள்ள போயிப் படு சனா"ன்னுச்சு அக்கா.

"இல்லீங்க மாமி..."

"படுன்னேன்."

அந்த நேரம் பாத்து ராஜ்குமாரு வந்தான். பின்னாலேயே சின்னராஜு ஜீப்புல அட்டப்பெட்டிங்க. நம்ம சிப்பாய்ங்க அத்தன பேரையும் மலையிலருந்து பிச்சு எடுத்து அடுக்கியிருந்தாங்க. ராஜ்குமாரு கெட்டவன்னு நாஞ் சொல்ல மாட்டேன். பயந்தவன். பயந்தவன் என்ன வேணாலும் செய்வான்.

"ஏனுங்கம்மா, நான் சாதிக்கு மேல எந்தத் தப்பும் சொல்லலீங்க. நாளைக்கிக் காலையில பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வராங்க. நம்ம சோல்ஜருங்களுக்கு மட்டும் கண்ணு வெச்சுக் குடுத்துட்டீங்கன்னா, அந்தப் போட்டோ எடுத்தப்ப வேல முடியலீன்னு சொல்லிச் சமாளிச்சுருவேன். எதிராளி எப்புடியோ இருந்துட்டுப் போறான்."

"வெக்கலீன்னா?"ன்னுச்சு அக்கா.

"வெக்கலீன்னா..." அவன் செவுத்தப் பாத்தான். "நான் ஒத்த ஆளு என்னங்க பண்றது? இவருதான் வேணும்னே செஞ்சாருன்னு ஆயிரும். கடைய நாளைக்கும் தெறக்க முடியாது, அடுத்த மாசமும் தெறக்க முடியாது. ஊட்டுக்கே வருவாங்க. மாசமா இருக்கற புள்ளையும் இருக்குது."

"அங்கியே வந்து வெச்சுக் குடுக்கறேன்"ன்னான் சாதிக்கு.

"வேணாம் வேணாம். நீங்க அந்தப் பக்கமே வராதீங்க. சாயங்காலம் சின்னராஜு ஜீப்புல குடுத்தனுப்பிச்சுருங்க."

"ஏம்ப்பா," நானே கேட்டுட்டேன், "கையப் பாத்தியா? இந்தக் கையில ஒரு பிரசப் புடிக்க முடியுமா? கண்ணு உனக்கு இருக்குதில்ல?"

ராஜ்குமாரு அந்தக் கையப் பாத்தான். பெட்டிங்கள எறக்கி வெச்சுட்டுப் போயிட்டான்.

எங்கிருந்தோ மஞ்சு ஏறி வந்து சந்த மூடிக்கிச்சு. கோடையில மத்தியானம் தாண்டுனா அப்புடித்தான், மழ வரும், இல்ல மஞ்சு வரும். அக்கா பெட்டிங்களப் பாத்துக்கிட்டே நின்னுச்சு. உள்ளருந்து சனா குரலு குடுத்தா. "மாமி, நான் வெக்கறேனுங்க. எனக்கு வரும்."

"நீ அந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பக் கூடாது. செவுத்தப் பாத்துப் படு. இதுங்க இந்த ஊட்ட உட்டுப் போற வரைக்கும் வெளிய வராத."

சாதிக்கு சொன்னான், "அம்மா, உடுங்கம்மா. சேலத்துக்குப் போயிரலாம். கடையும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"ஒங்க அத்தாவ இங்க அடக்கி வெச்சிருக்கு. ஒம் புள்ளையும் இங்கதான் இருக்கு. எங்கடா போறது?" அக்கா குரலு ஏறவே இல்ல. "நீ மொதல்ல கைக்குக் கட்டு போட்டுட்டு வா. சின்னராஜு, இவனக் கூட்டிக்கிட்டுப் போ சாமி. பின்பக்கமாப் போங்க."

அவங்க போனதும் நான் சொன்னேன், "அக்கா, நீ ஏன் ரோசன பண்றே? நான் வெக்கறேன். எங்க சாமிக்கெல்லாம் கண்ணு தெறக்கறது நாங்கதான? எனக்கு ஒரு பாவமும் இல்ல."

"உங்க சாமிக்குக் கண்ணு தெறந்தா என்னாகும்?"

"உசுரு வரும்."

"அதத்தான மாரி நானுஞ் சொல்றேன்"ன்னுச்சு அக்கா.

இருந்தாலும் பிரச எங்கையில குடுத்துச்சு. நானுஞ் சம்மணம் போட்டு ஒக்காந்தேன். காப்பி பறிச்சு, களக்கொத்து புடிச்ச கையி. மொதச் சிப்பாய்க்கு ஒரு கண்ணு நெத்தியில போயிருச்சு. ரெண்டாவது ஆளுக்கு மூஞ்சியே கருப்பாயிருச்சு. மூணாமத்தவன் ஒண்ணரக் கண்ணன், எம் மாமனாரு சாயல். அக்காவுக்குச் சிரிப்பு வந்துருச்சு, அந்த நேரத்துலயும். "உங்கையில குடுத்தா, நம்ம பட்டாளம் எதிராளிய உட்டுட்டு எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரச் சுட்டுப்புடும்"ன்னுச்சு. நானுஞ் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே பாத்தா அக்கா அழுதுக்கிட்டிருக்கு.

அப்பறம் எந்திரிச்சுப் போயி ஒளு செஞ்சுட்டு வந்துச்சு, தொழுவப் போறப்ப கைகால் அலசிக்குவாங்களே, அதுமாதிரி. கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஜன்னல் வெளிச்சத்துல ஒக்காந்துச்சு. பிரச ஒதுக்கி வெச்சுட்டு ஒரு குண்டூசிய எடுத்துக் கருப்புப் பெயிண்ட்ல தொட்டுச்சு. "பாவம் எங் கையிலயே இருக்கட்டும். எம் மவனுக்கும் வேணாம், மருமவளுக்கும் வேணாம்"ன்னு சொல்லிக்கிட்டே மொதச் சிப்பாயத் தூக்குச்சு.

நான் ஒவ்வொருத்தனா எடுத்துக் குடுத்தேன். அக்கா ஊசிய வெக்கும், எடுக்கும், "அஸ்தஃபிருல்லா"ன்னு வாய்க்குள்ள சொல்லும், அடுத்த கண்ணு வெக்கும். மன்னிப்புக் கேக்கற வார்த்தையாம். ஒரு சிப்பாய்க்கு ரெண்டு தடவ மன்னிப்பு. கண்ணு வெச்சவங்களத் தாம்பாளத்துல வரிசையா நிறுத்துனேன். அதுவரைக்கும் எனக்கே அதுங்க வெறும் பிளாஸ்டிக்காத்தான் தெரிஞ்சுது. இப்ப எல்லாரும் எங்களப் பாக்கறானுங்க. சத்தியமாச் சொல்றேன், நான் தாம்பாளத்த அந்தப் பக்கம் திருப்பி வெச்சேன்.

மஞ்சு தடிக்கத் தடிக்க வெளிச்சம் கொறஞ்சுது. அக்கா ஜன்னல ஒட்டி ஒட்டி நகந்துச்சு. மழத்தண்ணி சன்னமா உள்ள அடிச்சுது. ஒரு வாய் டீ குடின்னேன், முடியட்டும்னுச்சு. வெளிய சின்னராஜு ஜீப்பு வந்து நின்னுச்சு. சாதிக்குக்கு எலும்பு முறிஞ்சிருக்கு, மாவுக்கட்டு போட்டுக்கிட்டிருக்காங்க, அப்பறமாப் போயிக் கூட்டியாரணும்னு சொல்லிட்டு, என்ஜின நிறுத்தாமயே காத்துக்கிட்டிருந்தான்.

கடைசிப் பெட்டியில நாலஞ்சு பேருதான் பாக்கி. அப்ப சனா கூப்புட்டா.

"மாமி! மாமி, இங்க வாங்களேன்!"

அக்கா கையில இருந்த சிப்பாயக் கீழ போட்டுட்டு ஓடுச்சு. பின்னாடியே நானும் ஓடுனேன். அந்தப் புள்ள செவுத்தப் பாத்துப் படுத்துக்கிட்டே சிரிக்கறா.

"உதைக்குதுங்க மாமி. நிக்கவே மாட்டேங்குது. கைய வெச்சுப் பாருங்க."

அக்கா கையச் சீலையில தொடச்சுட்டு வெச்சுச்சு. என் கையையும் இழுத்துப் பக்கத்துல வெச்சுச்சு. என்னா உத! உள்ளங்கைய ஒரு சின்னக் குதிங்காலு தள்ளிட்டுப் போச்சு, திரும்பியும் வந்து தள்ளுச்சு. நானும் ரெண்டு பெத்தவதான், அப்புடி ஒரு உதைய நாம் பாக்கல.

அக்கா மூஞ்சி அப்ப இருந்த இருப்ப நான் மறக்க மாட்டேன். "அல்லா கோவிச்சுக்கல மாரி"ன்னுச்சு. "அவனுக்குத் தெரியும். ஏன் வெச்சேன்னு அவனுக்குத் தெரியும்." மீதி நாலஞ்சு பேருக்கும் கண்ணு வெச்சு முடிச்சுச்சு. பெட்டிங்க ஜீப்புல ஏறுனதும் ஊடு முழுக்கக் கூட்டித் தண்ணி ஊத்திக் கழுவுச்சு.

மறுநா விழா நடந்துச்சு. சின்னராஜு போயிப் பாத்துட்டு வந்து சொன்னான். குத்துவெளக்கு ஏத்துனாங்களாம், கொடி புடிச்சாங்களாம், பாட்டுப் போட்டாங்களாம். ஆளுங்க தொட்டுரக்கூடாதுன்னு முன்னால கண்ணாடி, அதுக்கு முன்னால கவுறு. கவுத்துக்கு வெளிய நின்னு பாத்தா சிப்பாய்ங்க எறும்பு அளவுதான் தெரிஞ்சாங்களாம்.

"கண்ணு தெரிஞ்சுதாடா?"ன்னேன்.

"ஒருத்தனும் கிட்டப் போயிப் பாக்கலீங்க்கா. எல்லாரும் மலைக்கு முதுகக் காட்டி நின்னு செல்பி எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க."

ரெண்டு நாள்ல போன்ல வேற எவனையோ புடிச்சுக்கிட்டாங்க. சாதிக்கு கடையத் தெறந்தான். அன்னைக்கி வந்து மிதிச்ச கூட்டத்துல ஒருத்தன் அவன் புள்ளைக்குப் பந்து வாங்கிட்டுப் போனானாம். நானா இருந்தா அந்தப் பந்தாலயே மூஞ்சியில அடிச்சிருப்பேன். சாதிக்கு எடது கையால எடுத்துக் குடுத்துருக்கான்.

அதுக்கப்பறம் ஒரு வாரங்கூட ஆயிருக்காது. விடிகாலையில சனா அக்காவ எழுப்பி, "மாமி, நேத்து மத்தியானத்துலருந்து அசையக் காணோம்"னா. தூங்குதுன்னு நெனச்சுப் பேசாம இருந்துருக்கா, பாவி மக. சின்னராஜு ஜீப்ப எடுத்தான். அக்காவுக்கு மலை எறங்குனா, அந்தக் கொண்டை ஊசி வளைவுல தலை சுத்திக்கும், வாந்தி நிக்காது. அது கூடப் போனா வண்டிய நிறுத்தி நிறுத்திப் போவணும். அதனால சாதிக்கும் சனாவுந்தான் போனாங்க. சனாவோட அம்மா சேலத்துலயே இருக்காங்க, ஆஸ்பத்திரிக்கு வந்துட்டாங்க. அக்கா தொழுவற பாயில ஒக்காந்துச்சு. நான் அன்னைக்கி வேலைக்குப் போவல.

சாயங்காலம் சனா இல்லாம ஜீப்பு ஏறி வந்துச்சு. சாதிக்கு மடியில வெள்ளத் துணி சுத்தி ஒரு பொட்டலம். மாவுக்கட்டுக் கையால அணச்சுப் புடிச்சிருந்தான். மூத்தது பக்கத்துலயே அடக்கிட்டு வந்தாங்க. பையன்.

சின்னராஜு எங்கூட்டுப் பின்பக்கம் வந்து நின்னு அழுதான். "கொடி கழுத்துல சுத்திக்கிச்சாங்க்கா. டாக்டரம்மா சொன்னாங்க, நேத்துதான் நின்னிருக்கும், அதுவரைக்கும் கொழந்தை நல்லாத்தான் இருந்துருக்குன்னு. யாரு செஞ்ச தப்புமில்ல, சில பேருக்கு இப்புடி ஆயிரும்னாங்க."

"நேத்து வரைக்கும் நல்லாருந்துச்சுங்கறத அக்காகிட்டச் சொல்லிராத"ன்னேன்.

"சொல்லலீங்க்கா. ஆனா அவிய ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க போலருக்கு."

ஆமா, பண்ணிருச்சு. நான் போனப்ப அக்கா கைய மடியில மல்லாத்தி வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. "இந்தக் கைதான் மாரி"ன்னுச்சு. வேற பேச்சே இல்ல. கொடி சுத்துனதுக்கு நீ என்னக்கா பண்ணுவேன்னு நான் கத்திப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன், வஞ்சும் பாத்தேன். காதுலயே வாங்கல. அடுப்புப் பக்கம் போவல. "இந்தக் கையால இனி ஆருக்கும் சோறாக்க மாட்டேன்." நாந்தான் ரெண்டு ஊட்டுக்கும் களி கிண்டுனேன். அக்கா திங்கல. தண்ணிய மட்டும் குடிச்சுது, அதையும் நான் டம்ளரப் புடிச்சாத்தான். சுருங்கிச் சுருங்கிப் பாயிலயே கெடந்துச்சு. இந்த மனுசியும் போயிரப் போவுதுன்னு எனக்குப் பயம் புடிச்சுக்கிச்சு.

சனா ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கிதான் அது நடந்துச்சு. அவள உள்ள படுக்க வெச்சேன். பாலு கட்டிக்கிட்டு நெஞ்சு வலிக்குதுன்னு மொணகுனா. அக்கா அவ பக்கம் போவவே பயந்துக்கிட்டு எட்டவே ஒக்காந்திருந்துச்சு. சாதிக்கு வந்து அம்மா முன்னால மண்டி போட்டான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். டாக்டரம்மா எங்கிட்டத் தனியாச் சொன்னாங்க. அது இப்ப நின்னது இல்லியாம். நொம்ப முந்தியே நின்னுபோச்சாம். பொம்மைங்க நம்மூட்டுக்குத் திரும்பி வந்துச்சே, அதுக்கும் முந்தி. நீங்க கண்ணு வெச்சப்பவே அதுக்கு உசுரு இல்லம்மா. உங்க கைக்கும் அதுக்கும் சம்மந்தமே இல்ல."

பாவம், ராவெல்லாம் யோசிச்சுக் கட்டிக்கிட்டு வந்த பொய்யி. அன்னைக்கி அவன் கட்டுப் போடப் போயிட்டான், சனா கூப்புட்டதும் நாங்க கைய வெச்சதும் அவனுக்குத் தெரியாது. எவளும் அவங்கிட்டச் சொல்லல.

அக்கா அவன் மூஞ்சியவே பாத்துச்சு.

உள்ளருந்து சனா குரலு வந்துச்சு. "ஆமாங்க மாமி."

அக்கா தலையத் திருப்புச்சு.

"அன்னைக்கி உதைக்குதுன்னு நாஞ் சொன்னது சும்மாங்க மாமி. நீங்க அழுதுக்கிட்டே வெச்சீங்க, எனக்குத் தாங்கல. உங்க மனசு தேறட்டும்னு சொன்னேன். எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு, பயத்துலதான் நேத்துலருந்துன்னு மாத்திச் சொன்னேன்." பெத்தவ அவ. எந்த வாயால சொன்னாளோ.

அக்கா வலது கைய எடுத்து உள்ளங்கையப் பாத்துச்சு. அப்பறம் என்னியப் பாத்துச்சு.

"நீயும் கைய வெச்சியே மாரி. உனக்கு என்ன தட்டுப்பட்டுச்சு?"

ரெண்டு பேரும் எம் மூஞ்சியத்தான் பாக்கறாங்க. உள்ள படுத்திருந்தவளும் மூச்சப் புடிச்சுக்கிட்டுக் கேக்கறான்னு எனக்குத் தெரியும். என் கையில அந்தக் குதிங்காலு அப்புடியே இருக்கு.

"எனக்கு ஒண்ணுமே தட்டுப்படலக்கா. வெளிய சின்னராஜு ஜீப்பு உறுமிக்கிட்டு நின்னுச்சே, அதுல கட்டிலு அதிர்ந்துச்சு. அதத்தான் நாம உதைன்னு நெனச்சுக்கிட்டோம்."

"ஜீப்பா?"

"ஆமாக்கா. ஜீப்புதான்."

வெளிய மழ புடிச்சு ஓட்டு மேல கொட்டுச்சு. அக்கா சாதிக்கோட தலைய ஒரு தடவ தடவுச்சு, கட்டு போட்ட கையத் தொட்டுப் பாத்துச்சு. "அப்புடித்தான் இருக்கும் சாமி"ன்னுச்சு. "ஜீப்பாத்தான் இருக்கும்."

செவுத்தப் புடிச்சு எந்திரிச்சு அடுப்படிக்குப் போச்சு. கொழாயத் தெறந்து சோப்புப் போட்டு நெகமெல்லாம் தேச்சுத் தேச்சுக் கை ரெண்டையும் கழுவுச்சு. அப்பறம் அரிசிப் பானையத் தெறந்துக்கிட்டே கேட்டுச்சு, "மாரி, நீயும் இங்கதான திங்கற? எவ்வளவு போடட்டும்?"